கூடைக்காரி படத்துக்குக் கட்டிய கதை

ஊரில் அவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிறது, அதை வாசித்தவர் யாருமில்லை. சந்தையின் இந்தக் கோடியில் நின்று "எல்லாரும் இப்படி வாங்க" என்று அவள் குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் பாத்திரக்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு தொண்டை. பேருந்தில் வந்து இறங்குகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சந்தையைச் சுற்றிக் காட்டி, மேட்டுத் தெருவிலுள்ள ஓவியக் காட்சிக்கூடத்துக்குள் கூட்டிப்போய் அந்தப் பக்க வாசல் வழியாக வெளியே விடுவதுதான் அவள் தொழில். பதினான்கு வருடமாக வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் தொண்டையால்தான்.

படம் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படத்தின் மேல் ஒரு அக்கறையும் கிடையாது. உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களை ஒரு படத்தின் முன்னால் இரண்டு நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் கதை வேண்டும். அதனால் அந்த ஊர் கைடுகள் எல்லோருமே கதை கட்டுவார்கள். குதிரைப் படத்துக்கு ஒரு துரோகம், பழத்தட்டுப் படத்துக்கு ஒரு விஷம், ஒன்றுமே இல்லாத நீலப் படத்துக்கு ஒரு பைத்தியக்கார ஓவியன். இதைப் பொய் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. சமைக்கிறவள் உப்புப் போடுகிற மாதிரிதான்.

மைக்கின் கதைகளிலேயே பேர்போனது மூன்றாம் அறையில் இருக்கும் கூடைக்காரி படத்தின் கதை. ஆள் உயரப் படம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கூடையோடு நிற்கிறாள். உடம்பு நம்மைப் பார்த்து நின்றாலும் கண் மட்டும் இடது பக்கமாக எங்கோ போயிருக்கிறது. புருவம் இறுகி, வாய் லேசாகத் திறந்து, இடது கை எதையோ எட்டிப் பிடிக்கப் போவது போல அந்தரத்தில் நிற்கிறது. மைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லுவாள்: இவளை ஒருவன் ஆசை வார்த்தை சொல்லி ஏமாற்றிவிட்டான், கூடவே இருந்துவிட்டு ஒருநாள் காலையில் கிளம்பிவிட்டான், அவன் போகிற தெருவைத்தான் பார்க்கிறாள், அவன் சட்டையைப் பிடிக்கத்தான் அந்தக் கை. கேட்கிறவர்களில் இரண்டு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள்.

அந்தப் படத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு மர நாற்காலி. அதில் சாம்பல் நிறச் சீருடையோடு ஐம்பத்தொரு வயது அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படத்தில் இருப்பவளும் அவளேதான். மைக்கின் கூடப்பிறந்த அக்கா. முப்பத்து நான்கு வருடத்தில் உடம்பு பருத்து, முடி நரைத்து, முகம் தொங்கிப் போயிற்று. அவளைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவனுக்குக்கூட ஒன்றும் தோன்றாது. தாடையை மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

உற்றுப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத அக்காவை, மனைவியை இழந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர். அவருடைய அம்மா வெளியூரிலிருந்து வந்து அக்காவை நேரில் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. சாயங்காலம்தான் சந்திப்பு. காலையில் பேருந்தில் வந்து இறங்கிய அந்த அம்மாள், பொழுது போகட்டும் என்று மைக்கின் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். யாரென்று மைக்குக்குத் தெரியாது. படத்தின் முன்னால் நின்று ஏமாற்றிய காதலன் கதையை வழக்கத்தைவிட நன்றாகவே சொன்னாள். சாயங்காலம் அந்த அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள். மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மைக் கதறினாள், அது கட்டுக்கதை என்று அந்த அம்மாளுக்குக் கடிதம்கூட எழுதினாள். பதிலில்லை. அக்கா அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்தினாள். அதோடு போயிருந்தால் ஒருநாள் சரியாகியிருக்கும். ஆனால் மைக் அந்தக் கதையை நிறுத்தவில்லை. ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தாள், கூட்டம் வேறு கைடுகள் பக்கம் போயிற்று. திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள். "அதான் கெட்டது கெட்டுப்போச்சே, இனிமே சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன" என்று கணவனிடம் சொன்னாள். உள்ளுக்குள் குத்தியது. குத்தக் குத்த அக்காவின் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு தடவை வாய் விட்டுத் திட்டித் தொலைத்திருந்தால் தீர்ந்திருக்குமே, இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷி என்ன செய்வாள் என்பது அவள் நியாயம்.

பேச்சில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. வந்தவர்களை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொள்வார்கள்.

"சார், உங்க கைடம்மாகிட்ட சொல்லுங்க, தரையில போட்டிருக்கிற கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு" என்பாள் அக்கா, யாரோ ஒரு நெட்டையரைப் பார்த்து.

"மேடம், அங்க உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க, கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பாள் மைக், வேறொரு பெண்ணிடம்.

"குரலைக் கொறைக்கச் சொல்லுங்க. படம் சுவத்துல இருந்து விழுந்துடப்போவுது."

வந்தவர்கள் இதையும் சுற்றுலாவில் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு கொடுமை, சந்தை. கூடைக்காரி படத்தைப் பைகளிலும் கோப்பைகளிலும் சாவிக்கொத்துகளிலும் அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பைக்குள் மைக்கின் கதையை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டு வைத்திருப்பார்கள். அக்கா வேலை முடிந்து வெங்காயம் வாங்கப் போனால் தன் முகம் இருபது இடத்தில் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். அதனால் அரை மைல் சுற்றி ஆற்றங்கரை வழியாக வீட்டுக்குப் போவாள். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேறு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எந்தக் கைடோ எந்தப் படத்தையோ மனித ரத்தத்தில் வரைந்தது என்று சொல்லப்போய், ஒரு குழந்தை மயங்கி விழுந்து, புகார் ஆகிவிட்டது. இனிமேல் அதிகாரி ஒருவர் கூட்டத்தோடு வருவார், கைடு சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார், ஒவ்வொரு அறையிலும் காவலில் இருப்பவர் அதைப் படித்துப் பார்த்து உண்மைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் கைடின் அட்டை பறிபோகும். மூன்றாம் அறைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா.

சந்தையே இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது. "மைக்குக்கு இனிமே வயரைப் புடுங்கிடுவாங்க" என்றார் பாத்திரக்கடைக்காரர். அட்டை போனால் மைக்குக்கு வேறு பிழைப்புக் கிடையாது. கணவன் முதுகுவலிக்காரன், பாதி நாள் படுக்கையில்தான். இருந்தாலும் அவனையே தூது அனுப்பினாள். போனவன் வாசலோடு திரும்பி வந்தான்.

"என்ன சொன்னா?"

"கதவைத் தொறக்கல. உள்ள இருந்தே, ஆள் இல்லைன்னு சொன்னாங்க."

"ஆள் இல்லைன்னு ஆளே சொல்றாளா? எவ்வளவு திமிர் பாரு." மைக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானே போய்க் காலில் விழ வேண்டுமா, விழ மாட்டேன், அந்தப் படத்தின் பக்கமே போகாமல் அறையைத் தாண்டிவிடுகிறேன், சொன்னால்தானே பொய், என்று முடிவு செய்துகொண்டாள்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அட்டையோடு பிணைத்த காகிதக் கட்டு. சந்தையைச் சுற்றும்போது ஒன்றும் பேசவில்லை, எழுதிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு அறையில் மைக் வருடத்தையும் அளவையும் மட்டும் ஒப்பித்தாள். கூட்டம் கொட்டாவி விட்டது, கையெழுத்து விழுந்தது. மூன்றாம் அறைக்குள் நுழைந்ததும் நேராகக் குதிரைப் படத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த அறை வாசலைப் பார்த்து நடந்தாள்.

"என்னங்க, இதை விட்டுட்டீங்களே" என்றாள் கூட்டத்தில் ஒரு பெண். தோளில் கூடைக்காரி பை. உள்ளேயிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இந்தக் கதையை நீங்க சொல்லிக் கேக்கத்தான் வந்தோம். என் நாத்தனார் போன வருஷம் கேட்டுட்டு அழுதாளாம்."

அதிகாரி அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். "சொல்லுங்க" என்றார்.

மைக் படத்தின் முன்னால் போய் நின்றாள். "இந்தப் பொண்ணு" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. காதலன் கதையைச் சொன்னால் அக்கா கையெழுத்துப் போட மாட்டாள். உண்மையைச் சொல்லலாம் என்றால் உண்மை என்ன என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடம் இந்தப் படத்தை வைத்துச் சாப்பிட்டவள், அந்தக் கண் எதைப் பார்க்கிறது, அந்தக் கை எதைப் பிடிக்கப் போகிறது என்று அக்காவை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவளுக்கு உடனே கோபமும் வந்துவிடும்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "அவங்களையே கேட்டுக்குங்க. படத்துல இருக்கிறது அவங்கதான்."

அறை முழுவதும் திரும்பி நாற்காலியைப் பார்த்தது. பிறகு படத்தை. மறுபடியும் நாற்காலியை. யாரோ ஒருவர் கைபேசியைத் தூக்கினார். அக்கா எழுந்து நின்றாள். இதுநாள் வரை அவளுக்கு மிச்சமிருந்தது யாருக்கும் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான், அதையும் தங்கை பிடுங்கிக்கொண்டாள்.

"போட்டோ எடுக்கக்கூடாது" என்றாள் முதலில். பிறகு அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். "எங்கம்மா சந்தையில கடை போட்டிருந்தா. வீட்டுல இருந்த சின்னக் குழந்தையை நான்தான் தூக்கிட்டுத் திரிவேன். நாலு வயசு. போற எடமெல்லாம் இடுப்புலதான். இந்தப் படத்துக்காக ஓவியர் அவர் வீட்டு மாடியில நிக்கச் சொன்னப்பவும் அதைக் கூட்டிட்டுத்தான் போனேன். அங்க கம்பி இல்லாத ஜன்னல். அது ஏறிடும். கூடையைப் புடிச்சுட்டு நிக்கணும், அசையக்கூடாது, ஆனா கண்ணை அதுமேல இருந்து எடுக்க முடியாது. அவர் என்னைப் பாரும்மா, என்னைப் பாரும்மான்னு கத்துவார். நான் பாக்கவே இல்ல. அன்னிக்கு ஒரு காலை வெளிய போட்டுடுச்சு. அப்பப் போன கைதான் அது. பாய்ஞ்சு புடிச்சேன். அவர் அப்படியே வரைஞ்சுட்டார்."

மைக் படத்திலிருக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் சட்டையைப் பிடிக்க வந்த கை என்று புரிந்தது. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

பைக்காரப் பெண் முந்திக்கொண்டாள். "அந்தக் குழந்தை இப்ப எங்கம்மா இருக்கு?"

"செத்துப் போச்சு" என்றாள் அக்கா.

"ஐயோ. சின்ன வயசுலயா?"

"இல்ல. வளந்து, படிச்சு, நல்லாப் பேசக் கத்துக்கிட்டு, அதுக்கப்புறம்தான்."

பைக்காரப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பிடிக்க விட்டாள். அதிகாரி எல்லாவற்றையும் வரி விடாமல் எழுதி, காகிதத்தை அவள் முன்னால் நீட்டினார். அவள் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் மைக்கின் பக்கம் திரும்பினார்.

"கைடம்மா, இனிமே இதுதான் கதை. இதுல ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. சம்மதமா?"

கடைசி வரி பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் காவல்காரி பொய்க் கையெழுத்துப் போட்டாள் என்றாகும், காகிதம் கிழியும், இரண்டு பேருக்கும் வேலை போகும். இது தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள் என்று மைக்குக்கு விளங்கியது. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைத் தாண்டிக் குதிரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்" என்றாள் மைக்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் புதுக் கூட்டம். மைக் படத்தின் முன்னால் நின்று கம்பியில்லாத ஜன்னலைச் சொன்னாள், இடுப்புக் குழந்தையைச் சொன்னாள், பாய்ந்து பிடித்த கையைச் சொன்னாள். கூட்டம் அசையாமல் நின்றது. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று ஒரு பெரியவர் கேட்டார். அது பிறகு இறந்துவிட்டது என்று அவள் சொன்னாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.