ஆட்டாமல் ஆறவிடுதல்

சாமளாபுரத்து நிர்மலா சாயப்பட்டறை லேபில் பல வருடம் நிறம் பார்த்தவர். பட்டறை மூடியதும், பல்லடம் சாலையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தார். அங்கே விஞ்ஞானி மைதிலி பெப்டைடுகளை உருவாக்குகிறார். அவை புரதத்தின் சிறு துண்டு போன்ற சங்கிலிகள். அளவாக உப்பும் சூடும் கொடுத்து நீரில் ஆறவிட்டால், அவை தாமாகவே ஒன்றையொன்று பற்றி ஓர் உருவம் எடுக்கும். மைதிலிக்கு வேண்டியது, மருந்தை உள்ளே வைத்து அனுப்பக்கூடிய நுண்ணிய உருண்டை.

நிர்மலா ஆறவைத்த சோதனைக் குழாய்களில் மட்டும் உருண்டை வரவில்லை. நுண்ணோக்கிப் படத்தில் சிக்குண்ட இழைகள்தான் தெரிந்தன. அளவு பிசகவில்லை, சூடும் சரி.

"ஏனுங்க அக்கா, திருப்பூர்க் கை பட்டா எல்லாமே நூலாப் போயிருமாட்ட இருக்குது," என்றான் ஆராய்ச்சி மாணவன் குணா.

"அந்த நூல்லயே உன்ற வாயத் தெச்சுப்போடுவேன், கண்ணு."

சிரித்தாரே தவிர, பயம் இருந்தது. மாதக் கடைசிக்குள் உருண்டை வராவிட்டால் வேலையைத் தொடர முடியாது என்று மைதிலி தன்மையாகவே சொல்லியிருந்தார்.

நிர்மலா செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துத் தன் வேலையைப் படம் பிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஆறிக்கொண்டிருந்த குழாயைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை அதை எடுத்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, திரும்ப வைத்தது. அவருக்கே தெரியாமல். சாயப்பட்டறையில் அது கடமை. மாதிரித் துணி ஊறும் பீக்கரைத் தாண்டிப் போகிறவர் ஓர் ஆட்டு ஆட்டாமல் போனால் துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். இங்கோ மெல்லக் கூடிக்கொண்டிருந்த சங்கிலிகளை அந்த ஆட்டம் கலைத்து, நீளவாக்கில் சேரவிட்டிருந்தது.

படத்தை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் போனை எடுத்துக்கொண்டு போய் மைதிலியிடம் காட்டினார்.

"மேடம், நாந்தானுங்க கெடுத்தது."

மைதிலி திரும்பவும் ஓட்டிப் பார்த்தார். "இந்தப் பழக்கம் லேசுல விடுங்களா, அக்கா?"

"விடாதுங்க. அதனால எனக்கே எட்டாத எடத்துல வெச்சர்றேன்."

அடுத்த குழாய்களை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கடினமாக இருந்தது. கவனிப்பது என்றால் தொடுவது என்றே அந்தக் கை பழகியிருந்தது.

இம்முறை உருண்டைகள் வந்தன, இடையிடையே சில இழைகளோடு.

"சுத்தமா வரலீங்களே," என்றார் நிர்மலா.

"வரலீங்கதான். ஆனா இழை எதனால வருதுன்னு தெரிஞ்சிருச்சே. எவ்வளவு ஆட்டுனா எவ்வளவு இழைன்னு வர்ற மாசம் நீங்களே செஞ்சு பாருங்க."

"வர்ற மாசமுங்களா?"

"ஆமாங்க," என்றார் மைதிலி, அடுத்த படத்தைத் திறந்தபடி.