சவரிமுத்து அங்கிளின் சிரிப்பு

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு மணம் இருந்தது. குசினியில் கொதிக்கும் மாட்டிறைச்சிக் கறியும் முன்னறையில் அப்பா திறந்து வைத்த டர்பன்டைன் போத்தலும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் மணம். "இந்த நாத்தத்தில கறிக்கு உப்புக் காணுமோ எண்டே தெரியேல்லை" என்று அம்மா கத்துவா. அப்பா யன்னலைத் திறப்பார். பஸ் புகை உள்ளே வரும். உடனே மூடச் சொல்லுவா.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று கிழமை முழுக்க எழுதிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்த பிறகுதான் பிரஷைக் கையில் எடுப்பார். அந்த அரை நாளிலாவது தனக்குப் பிடித்ததைக் கீற விட்டார்களா? எங்கள் ஒழுங்கையில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்த கையோடு அவர்களுடைய அடையாள அட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கிராம சேவகரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னர், அதிலுள்ள முத்திரையளவு முகத்தைப் பார்த்து அப்பா பெரிதாக ஒரு படம் கீறிக் கொடுக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் பூசையன்று அதற்குத்தான் மாலை போடுவார்கள். வேறு படமே இல்லாத வீடுகள் அப்போது நிறைய. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதும் ஒன்றுதான்: "அண்ணே, கொஞ்சம் சிரிச்ச மாதிரி." அடையாள அட்டையில் எவர் சிரித்தார்? பாவம் அப்பா, அந்தச் சிரிப்பை எங்கேயாவது தேடிப் பிடிக்க வேண்டும். "செத்த வீட்டுக்காரருக்கு ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்பார். "அப்ப உயிரோட இருக்கிற நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்பா அம்மா.

எனக்கு எட்டு வயதில் கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அந்த வெள்ளை உடுப்போடு என்னைக் கீறுவதாக அப்பா சொல்லி, அதற்கென்றே நல்ல ஹாட்போட் பலகை ஒன்றை வாங்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு ஞாயிறு என்னைக் கதிரையில் இருத்திவிட்டார். முன்பல் விழுந்திருந்த வெட்கத்தில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு பக்க உதட்டை மட்டும் மேலே இழுத்துச் சிரித்தேன். "அசையாத மகள், அப்பிடியே இரு" என்றார். ஒரு மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருந்தேன், நம்புங்கள். பென்சில் கோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு நிறம் என்றார்.

இடையில் பக்கத்து வீட்டுச் சவரிமுத்து அங்கிள் செத்துப்போனார். எங்கள் பந்து அவர் வளவுக்குள் விழுந்தால் அதோடு அந்தப் பந்துக்கும் சீவன் போனது மாதிரித்தான், அப்படி ஒரு கடுகடுத்த மனுசன். நான் வெள்ளை உடுப்போடு கதிரையில் ஏறி இருந்த அந்த ஞாயிறு, அவருடைய மனைவி கிறேஸ் அன்ரி கைக்குழந்தையோடும் அடையாள அட்டையோடும் வந்து நின்றா. திங்கட்கிழமை அட்டையைக் கொடுத்துவிட வேண்டுமாம். கடைகள் பூட்டு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்.

"அது என்ர போட்!" என்று குளறினேன். "உனக்கு வேற வாங்குவம் மகள்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமலே. என்னுடைய நெட் முக்காட்டின் மேல் அங்கிளின் நரைமுடி வந்தது, என் கன்னத்தின் மேல் அவருடைய கன்னம் வந்தது. நான் அழுது முடித்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாயை மட்டும் அப்பா அழிக்கவில்லை. இறுக்கி மூடிய, ஒரு பக்கம் மேலே போன என் உதடு அவருடைய மீசைக்குக் கீழே இருந்தது.

கிறேஸ் அன்ரி படத்தைக் கனநேரம் பார்த்தா. "இவர் ஒருநாளும் இப்பிடிச் சிரிச்சதில்லை அண்ணே" என்று சொல்லிவிட்டு, "சிரிச்சிருந்தா இப்பிடித்தான் சிரிச்சிருப்பார்" என்று விக்கி விக்கி அழுதா. அப்பா நிலத்தைப் பார்த்தார்.

வேறு போட் வாங்கத்தான் செய்தார். அதிலும் யாரோ செத்தவர் ஏறிக்கொண்டார். எனக்குப் பல் முளைத்தது, உடுப்புக் கட்டையாய்ப் போனது. பென்ஷன் எடுக்க முன்னரே அப்பாவும் போய்விட்டார். அலுமாரிக்குப் பின்னால் தேடினோம், அவர் தனக்கென்று கீறிய படம் ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நான் இப்படி இருக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

இன்றைக்கு நான் வெள்ளவத்தையில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில், செத்தவர்களின் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை. எனக்கும் ஞாயிறு மட்டும்தான் பிரஷ். கடற்கரை ரயிலைப் பார்த்துக் கீறத் தொடங்கிய ஒரு கன்வஸ் இரண்டு மாதமாகப் பாதியில் நிற்கிறது. வயது போகப் போக அந்த ஹாட்போட்டைப் பார்க்க ஆசை வந்தது. அப்பா என்னைக் கீறிய ஒரே படம் அல்லவா அது? ஒழுங்கையில் இப்போது பத்து மாடி ஃபிளாட். விசாரித்து விசாரித்து, போன ஞாயிறு வத்தளையில் கிறேஸ் அன்ரியின் மகன், அன்றைக்கு அவ கையில் இருந்த அந்தக் குழந்தை, றொஷானின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அன்ரி செத்து மூன்று கிழமைக்கு மேல் ஆகியிருந்தது.

"அந்தப் போட் ஈரத்தில ஊதிப் போச்சு அக்கா, வீடு மாறேக்க எறிஞ்சிட்டம்" என்றவன், எறிய முன்னர் அதைப் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினான். பிரேம் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து பாதி முகம் தெரியவில்லை. உதடு தெரிந்தது.

"நீங்களும் கீறுவீங்களாமே? வாற கிழமை அம்மான்ர முப்பத்தோராம் நாள். ரெண்டு பேரையும் ஒண்டாக் கீறித் தாங்கோவன்" என்றான். போனில் அம்மாவின் படம் ஆயிரம் இருக்கிறதாம், அப்பாவோடு ஒன்றுகூட இல்லையாம். "அப்பான்ர சிரிப்பை மட்டும் மாத்திப்போடாதீங்கோ அக்கா. அவர்ர முகம் எனக்கு ஞாபகமில்லை, இந்தச் சிரிப்புத்தான் தெரியும்."

அது என்னுடையது என்று எப்படிச் சொல்வது? "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் கன்வஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். றொஷான் அனுப்பிய படத்தில் பெரிதாக்கப் பெரிதாக்க அந்த உதடு தெளிவில்லாமல் போனது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, வாயை இறுக்கி மூடி, ஒரு பக்க உதட்டை மேலே இழுத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.