பாறைக்குள் போன இரண்டு கார்கள்

என்னுடைய கார் மெதுவாகத்தான் போகும், ஆனால் கவிழாது. அத்தை மகளுடைய கார் பறக்கும், ஆனால் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மல்லாந்துவிடும். எனக்குப் பத்து வயதாக இருந்த அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த வழக்கு இது ஒன்றுதான்.

சென்னையிலிருந்து சித்தப்பா வாங்கி வந்தபோது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் ரிமோட் கார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு வாரத்துக்குள் அவற்றைப் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டோம். அத்தை மகள் என்னைவிட ஒரு வயது பெரியவள். அவலூர்பேட்டையில் அவளுடைய அப்பா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்ததால், ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவள். "இது சும்மா வெயிட்டுடா" என்று சொல்லி, மேல்கூட்டை முன்விளக்குகளோடு சேர்த்துக் கழற்றி எறிந்தாள். பழைய செல்போன் பேட்டரி ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டினாள். நான் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி நான்கு சக்கரங்களுக்கும் மாட்டினேன். முன்பக்கம் தூக்காமலிருக்க அடியில் இரண்டு நட்டுகளை ஒட்டினேன்.

சிமெண்டுத் தரையில் அவள் ஜெயித்தாள். ஜல்லியில் நான் ஜெயித்தேன். நடுவர் என் தங்கை. நான்கு வயதுக்காரி. எது எப்படி ஓடினாலும் சிவப்புதான் ஜெயித்தது என்பாள். சிவப்பு அத்தை மகளுடையது. மேல்கூடு போன பிறகு அதில் சிவப்பே இல்லை என்பதைத் தங்கை ஒப்புக்கொள்ளவில்லை.

"பொம்மைக்கா இம்மாம் சண்டை?" என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார். சாவி கொடுத்து ஓடுவதையும் பேட்டரி போட்டு ஓடுவதையும் அவர் ஒரு பொருளாகவே மதித்ததில்லை.

கடைசித் தீர்ப்புக்காக ஒருநாள் சாயங்காலம், எங்கள் ஊர்க் கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்துக்குப் போனோம். நிலக்கடலை போட்டிருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையை ஒட்டியே பாறைகள் தொடங்கிவிடும். அங்கே வழவழப்பான ஒரு சரிவு உண்டு. இரண்டு கார்களையும் ஒன்றாக விட்டோம். அத்தை மகளுடைய கார் சரிவில் இறங்கிய வேகத்தில் யார் பேச்சையும் கேட்காமல், இரண்டு பெரிய குண்டுப் பாறைகளுக்கு இடையிலிருந்த பொந்துக்குள் நுழைந்துவிட்டது.

நாங்கள் யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தோம். பேசி முடித்துத் திரும்பினால் தங்கையைக் காணோம். பொந்துக்குள்ளிருந்து "சிவப்புக் காரு இங்க இருக்குது" என்று அவள் குரல் கேட்டது. அதன்பிறகு அழுகை.

குனிந்து பார்த்தேன். உள்ளே ஓர் ஆள் நீளம் போய்ப் பொந்து இடப்பக்கம் வளைந்தது. வளைவுக்கு அப்பால் கும்மிருட்டு. எனக்குத் தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. அத்தை மகள் கொல்லைக்கு ஓடி நைனாவை அழைத்து வந்தாள். கடப்பாரையோடு வந்தார். பாறையின் அளவைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டார். குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். வளைவு வரைக்கும்கூட எட்டவில்லை.

"கண்ணு, நைனா பேசறேன். அப்டியே தவழ்ந்து வந்துடு."

"இருட்டா இருக்குது. வழி தெரில."

"குரல் வர்ற பக்கமா வா."

"எல்லாப் பக்கமும் கேக்குது நைனா."

பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அழுகையும் நின்றது. அழுதுகொண்டிருந்தபோது இல்லாத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. நைனா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை மகள்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், உன் கார்ல லைட்டு இருக்குதுல்ல? உள்ள உடு."

விட்டேன். டியூப் வளையங்கள் மணலைக் கவ்வின. கார் கல் மேல் ஏறி இறங்கி, வளைவில் திரும்பி மறைந்தது. அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்சுவரில் அசைந்த மங்கலான வெளிச்சம் மட்டும்தான். அதைப் பார்த்தே ஓட்டினேன்.

"காரு வந்துச்சு" என்றாள் தங்கை.

"புடிக்காத பாப்பா! அது வரும், அது கூடவே நீ வா" என்று அத்தை மகள் கத்தினாள்.

நான் காரைப் பின்னோக்கி ஓட்டினேன். விளக்கு தங்கையின் முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கும், அவள் அதைத் துரத்தி வரவேண்டும். பின்னால் போகும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். இரண்டு முறை சுவரில் முட்டினேன். "அவசரமில்லடா, மெதுவா" என்றார் நைனா. அவர் என்னிடம் அவ்வளவு தணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் காரின் பின்பக்கம் தெரிந்தது. அப்புறம் ஒரு சின்னக் கை. அப்புறம் புழுதி அப்பிய தலை. நைனா இரண்டு கைகளையும் நீட்டி அவளை உருவி எடுத்தார். முழங்கால் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. கவுனுக்குள் அத்தை மகளுடைய காரைப் பத்திரமாகச் சொருகி வைத்திருந்தாள்.

அடி விழும் என்று நான் நைனாவின் கைக்கு எட்டாமல் தள்ளி நின்றேன். அவரோ தங்கையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, "அதக் குடு" என்று என் ரிமோட்டை வாங்கினார். காரை முன்னே ஓட்டினார், பின்னே ஓட்டினார், வட்டமடித்தார். நேராக விடத் தெரியவில்லை, கார் நெளிந்து நெளிந்து போனது. ரிமோட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஏரியல் கம்பி அவர் கையில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா ஓடி வந்தாள். தங்கையை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இன்னாங்க, வூட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள்.

"கொஞ்சம் இரு. இன்னும் ஒரு ரவுண்டு."

அம்மா அவரை ஒரு முறை பார்த்தாள். அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். பேட்டரி தீரும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை. தீர்ந்த பிறகும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தை மகளிடம் பெருமையடித்துக்கொண்டு போனேன், நைனாவுக்கு என் கார்தான் பிடித்திருக்கிறது என்று.