என் வாயில் இன்னொருத்தியின் குரல்

இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் வேலை செய்யும் வீட்டில் ஒரு படம் எடுத்தார்கள். வேலைக்காரி பாத்திரத்துக்கு ஆள் தேடியவர்கள் என்னையே பிடித்தார்கள். வீட்டை விட்டுப் போகும் மகனை மறித்து நான் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசினேன். வருடக்கணக்காக மீன்காரனோடும் பஸ் சாரதியோடும் சண்டை பிடித்துப் பழகிய இத்தாலியன் அது. கமராக்காரன் கண்ணைத் துடைத்தான். இயக்குநர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

படம் வந்ததும் குடும்பத்தோடு போனோம். திரையில் என் முகம், என் வாய். வந்ததோ யாரோ ஒருத்தியின் குரல். "நான் அழுவது, நீ போவது இல்லை" என்கிற மாதிரி உடைந்த இத்தாலியன். தியேட்டரே சிரித்தது. இங்கேயே பிறந்த என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, உங்களுக்குக் கதைக்கத் தெரியாதெண்டு என்ரை வகுப்பிலை எல்லாரும் நினைக்கப்போகினம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு தமிழ்ப் பெண் அவ்வளவு நன்றாகப் பேசினால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று அன்பாக விளக்கினார். அந்த அன்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"விடுமப்பா, ஒரு படம்தானே," என்றார் கணவர். நான் விடவில்லை. கோப்பை கழுவும்போதும் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்த இயக்குநரே அழைத்தார். பெல்லெக்ரினோ மலைக் குகையில் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கு எங்கள் சனம் வெறுங்காலோடு பாடிக்கொண்டு ஏறுவதை அடுத்த படத்தில் காட்ட வேண்டுமாம். உண்மையான ஆட்கள், உண்மையான குரல்கள் வேண்டும் என்றார். தேன் ஒழுகச் சம்மதித்தேன்.

வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் வீடுவீடாகப் போய் என் திட்டத்தைச் சொன்னேன்.

"எங்களையும் சேர்த்துத்தானே சிரிச்சவை. கட்டாயம் வாறன்," என்றாள் துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துப்புரவாக்கும் சிநேகிதி.

படக்குழு தந்த இனிப்புப் பணிசையும் கோப்பியையும் வயிறார முடித்துவிட்டு ஏறினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இயக்குநர் நிறுத்தினார், திரும்ப ஏறச் சொன்னார். ஏறினோம், அப்போதும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வியர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தார்.

"சிஞ்ஞோரா, ஏன் பாடமாட்டேன் என்கிறீர்கள்? குரல் இல்லாமல் இந்தக் காட்சியை வைத்து நான் என்ன செய்வது?"

என்னுடைய பலேர்மோ இத்தாலியனில், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"முகத்தைத் தந்துவிட்டோம். குரலை வழக்கம்போல நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

அவர் முகம் செத்துப்போயிற்று. மலையிறங்க அவசரப்படாமல், அதை ஆசைதீர நின்று பார்த்தேன்.