சட்டைப்பையில் ஒரு ரோட்டர்

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஜவ்வாது மலையில் பதினாலு வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்து முத்திரை குத்தியவனுக்கு வண்டி என்றால் தபால் பை ஏறி வருகிற பஸ் ஒன்றுதான். அது ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. இப்படிப்பட்டவன் ஒரு காரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஹனீஃபா பாய்தான் காரணம். அவர் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது இன்னும் என்னை உறுத்துகிறது.

1979, தை மாதம். ஆலங்காயத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் கறுப்புக் கார் ஒன்று வருகிறது என்று யாரோ சொல்ல, ஊரே ரோட்டுக்கு ஓடியது. நானும்தான் ஓடினேன், பொய் சொல்வானேன். ஜீப்பையும் பஸ்ஸையும் தவிர வேறு பார்க்காத ஊர் அது. வழியில் மூன்று இடத்தில் கொதித்து நின்று, ஓடைத் தண்ணீர் குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர்ந்தது. நீளமான மூக்கு, இரண்டு பெரிய விளக்கு, உள்ளே தோல் வைத்துத் தைத்த சோபா மாதிரி சீட்டு. இங்கிலாந்தில் செய்த ஹம்பர் வண்டி, 1954-ல் கப்பலில் வந்தது. வாணியம்பாடியில் தோல் மண்டி வைத்திருந்த கவுஸ் சாயபு என்பவர் ஆசை ஆசையாக வாங்கி, கடைசிவரை வேறு வண்டியில் ஏறாமல் இருந்தாராம். அவர் மவுத்தான பிறகு பிள்ளைகள் இதை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் எங்கள் ஊர்க் கோவிந்தன். புளி வியாபாரத்தில் செழித்தவர். இரண்டு மைல் மட்டும் ஒழுங்கான ரோடு இருக்கிற ஊரில் அந்த வண்டி எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது.

மாட்டோடு கயிறும் வருவதைப்போல வண்டியோடு டிரைவரும் வந்தார். அவர்தான் ஹனீஃபா பாய். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், கழுத்துப் பட்டன் வரை போட்ட காக்கிச் சட்டை. சாயபுவிடம் இருபத்துமூன்று வருடம் இதே வண்டியை ஓட்டியவர். மனைவி முதல் பிரசவத்திலேயே குழந்தையோடு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கோவிந்தனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி நிற்கிற கொட்டகையில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னாத்துக்கு பாய் இந்த மலைக்கு வந்தீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நான் எங்க சார் வந்தேன்? வண்டி வந்துது."

கல்யாணம், திருவிழா, பெரிய மனிதர் யாராவது வந்தால் ரோடு முடிகிற சந்தைமேடு வரை ஒரு நடை. வண்டிக்கு மொத்த வேலையே இவ்வளவுதான். பாய்க்கோ விடிந்தால் அடைந்தால் வேலை. ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் கழுவுவார். துடைக்கிற துணிக்கே தனியாக ஒரு துவைகல். உள்ளே பீடி கூடாது, வெற்றிலை கூடாது. கல்யாணப் பெண்ணாகவே இருந்தாலும் கால் துடைக்காமல் ஏற முடியாது. பெண்ணின் தாய்மாமன் ஒருவர் இதில் முறைத்துக்கொண்டு கடைசிவரை நடந்தே வந்தார். மலைப் பனியில் ஸ்டியரிங்குக்கு எதிரே மீட்டர்கள் பதித்த மரப்பலகை ஊறி வெடித்தபோது, தச்சர் ரங்கனோடு ஒரு வாரம் உட்கார்ந்து பலாமரத்தில் அதே மாதிரி ஒன்று இழைத்துப் பொருத்தினார். மீட்டர்களுக்கு வட்ட வட்டமாக நாலு ஓட்டை. வழவழவென்று மஞ்சளாக இருந்தது. எனக்கென்னவோ பழையதைவிட அதுதான் அழகு.

சீட்டுத் தோலைத் தடவிக்கொண்டே அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "இது நம்மூர்த் தோலு சார். இந்த மலைக் கடுக்காயில பதம் போட்டு, வாணியம்பாடியிலேர்ந்து சீமைக்குக் கப்பலேறி, சீட்டா திரும்பி வந்திருக்கு. மோந்து பாருங்க." மோந்து பார்த்தேன். எனக்குத் தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கதையே அதில்தான் இருக்கிறது. வண்டியைக் கொட்டகையில் விட்டதும் மூடியைத் தூக்கி, இஞ்சினுக்குள்ளிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டைக் கழற்றுவார். ரோட்டர் என்று அதற்குப் பெயர். தலையில் ஒரு பித்தளைத் தகடு. அது இல்லாவிட்டால் யார் வந்து எந்தச் சாவி போட்டாலும் வண்டி கிளம்பாதாம். வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று சாயபு பழக்கிவைத்தது. கழற்றிய துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்க வருவார்.

டீக்கடை சாந்தம்மாளுடையது, என் ஆபீசுக்கு எதிரில். அங்கே எல்லாரும் உட்காருவார்கள், பாய் நின்றுகொண்டே குடிப்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஏழு வருடத்தில் அவரை யாரும் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. தொழுகைக்கு வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து ஆலங்காயம் போவார். பஸ் வராத வெள்ளிக்கிழமைகளில் கொட்டகையில் தனியாகத் தொழுகைப் பாய் விரித்துக்கொள்வார். காரை எடுத்துக்கொண்டு போகலாமே என்றால், "அது என் வண்டி இல்லீங்களே" என்பார். நோன்பு மாதத்தில் சாயங்காலம் சாந்தம்மாள் மட்டும் ஒரு சொம்பு சாமைக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். அதைக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பார். அந்தக் காரோடு அவர் பேசுவதை நான் இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

1986-ல் கோவிந்தனுக்கு ஜீப் வேண்டியிருந்தது. ஆலங்காயத்துக்கு மருத்துவ முகாமுக்கு வந்த மெட்ராஸ் டாக்டர் ஒருவர் ஹம்பரைப் பற்றிக் கேள்விப்பட்டு மலை ஏறி வந்தார். பழைய இங்கிலீஷ் கார்களை வைத்துக் கொஞ்சுகிறவர்களுக்கு மெட்ராசில் ஒரு சங்கமே இருக்கிறதாம், அதில் அவர் ஒரு ஆள். வண்டியைப் பார்த்ததும் வெள்ளைப் பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டு அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்த ஆசையில் பொய் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பாயைப் பார்த்திருக்க வேண்டும். ஏழு வருடம் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அரை நாளில் கொட்டினார். இரண்டு பேரும் மூடிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு, எந்த வளைவில் கொதிக்கும், எந்தக் கியர் முரண்டு பிடிக்கும் என்று ஓயாத பேச்சு. கிளம்பும்போது டாக்டர் பாயின் தோளில் தட்டி, "பாய், நீங்க இல்லாம இந்த வண்டி இல்லை. நீங்களும் மெட்ராஸ் வந்துடுங்க. லெட்டர் போடறேன்" என்றார்.

பெரிய மனிதர்கள் சந்தோஷத்தில் இப்படித்தான் நாலு வார்த்தை சொல்லுவார்கள். பாய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் லாரி வந்தது. டாக்டரும் வந்தார். மலைப்பாதையில் பிரேக்கை நம்ப முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும் என்றார். ஏற்றுவதற்கு முன்னால் பலாப்பலகையை நாலு திருகும் கழற்றி மெதுவாக மண்ணில் வைத்தார். "நல்ல வேலைதான் பாய். ஆனா ஒரிஜினல் இல்லை பாருங்க." சீட்டுத் தோல் வாணியம்பாடித் தோல் என்று பாய் சொன்னதற்கும் சிரித்துவிட்டு நகர்ந்தார். காரைத் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டினார்கள். யாரும் பாயை ஏறச் சொல்லவில்லை. லாரி வளைவில் திரும்புகிறவரை பாய் நின்று பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. "பாய், அந்த ரோட்டர்?"

"இங்கதான் சார் இருக்குது."

"இது திருட்டில்லையா?"

"திருட்டில்ல சார். தெனம் கழட்டுறத இன்னிக்கும் கழட்டினேன். யாரும் கேக்கல." பையைத் தொட்டபடியே சொன்னார், "வண்டி கெளம்பாது. அப்ப என்னக் கூப்புடுவாங்க. கூப்புட்டா எடுத்துனு போய் மாட்டிடுவேன்."

அந்த வயதில் அந்த முகத்தில் அப்படி ஒரு குறும்பு. நான் திட்டியிருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து தபால் பை வரும்போதெல்லாம் பாய் என் சன்னலில் நின்றார். "எனக்கு ஏதாச்சும்?" இல்லை என்றால், "பஸ்ஸு லேட்டு, அதான்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போவார். பலாப்பலகையைச் சாந்தம்மாளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கடையில் படுக்கப் போட்டு ஆணி அடித்துக்கொண்டாள். மீட்டர் ஓட்டைகளில் டீ கிளாஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. கொட்டகையில் ஜீப் வந்து நின்றது. அதை ஓட்டக் கோவிந்தனின் மச்சான் இருந்தான். பாயை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம், "மெட்ராஸ்லேர்ந்து கூப்புடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மாதம் ஓடியது.

ஐப்பசி மழையில் கடிதம் வந்தது. தடித்த உறை, ஆங்கிலம். பாய் கை துடைத்து வாங்கி, என்னிடமே திருப்பிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உள்ளே ஒரு போட்டோ. மெட்ராசில் பழைய கார்கள் ஊர்வலம், நடுவில் ஹம்பர், மேலே மாலை, பக்கத்தில் கோப்பையோடு டாக்டர். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். காரை 'அவள்' என்றே எழுதியிருந்தார். அவளை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்துக்கு நன்றி, எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது. வழியில் ஒரு சின்னத் துண்டு எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. லண்டனில் இருக்கும் நண்பர் புதிதாக ஒன்று வாங்கித் தபாலில் அனுப்பினார். மாட்டியதும் ஒரே சுற்றில் கிளம்பிவிட்டாள். நல்ல டிரைவர் ஒருவரும் கிடைத்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் கடிதம். எல்லாம் அன்பான வார்த்தைகள்.

பாய் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா தொடச்சி வெச்சிருக்காங்க" என்றார்.

எதிர்க் கடையிலிருந்து சாந்தம்மாள் குரல் கொடுத்தாள். "பாய், லெட்டரு வந்துச்சாமே! இன்னா போட்டிருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னார், "வரச் சொல்லியிருக்காங்கம்மா."

அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொன்னேன், இன்னும் உறுத்துகிறது என்று. நான் எழுந்து போய், பாய், எங்கேயும் போக வேண்டாம், என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இருந்தது. நானும் ஒண்டிக்கட்டைதான். சொல்லவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மணியார்டர் பாரத்தை நிரப்பினேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஊர் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. ஏழு வருடம் வீட்டுக்குக் கூப்பிடாத ஊர், சாமை ஒரு மூட்டை, புளி, ஒரு பாட்டில் தேன் என்று அவர் கையில் திணித்தது. கால் துடைக்க மாட்டேன் என்று நடந்தே வந்த அந்தத் தாய்மாமன்கூட வந்து, "போய்ட்டு வாங்க பாய்" என்றார். சாந்தம்மாள் கண்ணைத் துடைத்தாள். பாய் சிரித்துக்கொண்டே இருந்தார். பஸ் உறுமியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கைக்குட்டையை என் கையில் வைத்தார்.

"இத பார்சல்ல அனுப்பிடுங்க சார். வண்டியோட சாமான், வண்டிகிட்டதான் இருக்கணும்."

"வாணியம்பாடியில யாராவது இருக்காங்களா பாய்?" என்று கேட்டேன். அப்போதாவது கேட்டேன்.

"ஊரு இருக்குது சார்" என்று சொல்லி ஏறிவிட்டார்.

மறுநாள் கண்டக்டர் சொன்னார். பாய் ஆலங்காயத்தில் இறங்கினாராம். பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் மூட்டைகளோடு உட்கார்ந்தாராம். வாணியம்பாடி பஸ் மூன்று போயும் ஏறவில்லையாம். கண்டக்டர் கடைசி நடைக்கு மலையேறியபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் நான் ஆலங்காயம் போய் விசாரித்தேன், பிறகு வாணியம்பாடித் தோல் மண்டிகளிலும். ஒருவருக்கும் தெரியவில்லை.

ரோட்டரைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டாக்டர் ஒரு கார்டு போட்டார். கிடைத்தது, நன்றி, ஸ்பேராக வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். அது எப்படி அகப்பட்டது என்று கேட்கவில்லை. பாய் எப்படி இருக்கிறார் என்றும் கேட்கவில்லை.

அந்தக் கார்டு வந்த அன்று டீக்கடைக்குப் போனேன். சாந்தம்மாள் தபாலைப் பார்த்துவிட்டாள்.

"மெட்ராஸ்லேர்ந்தா சார்? பாய் எழுதினாரா? வண்டி நல்லா ஓடுதாமா?"

"நல்லா ஓடுதாம்" என்றேன்.

"அப்ப அவுரும் நல்லாத்தான் இருப்பாரு" என்று சொல்லி அவள் டீ ஆற்ற ஆரம்பித்தாள். நான் குடித்து முடித்து, கிளாஸை அந்தப் பலாப்பலகை ஓட்டையில் வைத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.