பொய் வாக்கியம் செல்லாது

ஓட்டலில் படுக்கை விரிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு பெரிய இங்கிலீஷ் சொல்லெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. கூட வேலை பார்த்த பெண்கள் அவளுக்கு டிக்‌ஷனரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அசரவில்லை. விருந்தாளிகள் அறையில் விட்டுப்போகும் ஆங்கிலப் பத்திரிகையில், வாய் கொள்ளாத சொல்லாக ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். தலையணைக்கு உறை மாட்டும்போது அதை முணுமுணுப்பாள். அர்த்தத்தை வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். சாயங்காலம் வீட்டில் தட்டு வைத்ததும் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்வாள். அப்புறம்தான் சாப்பாடு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாரைக் கண்டாலே பின்வாசல் வழியாக ஓடியவர்.

"இதைப் படிச்சு என்ன பண்ணப்போற? ஓட்டலையே உன் பேருக்கு எழுதி வைக்கப்போறாங்களா?" என்றார்.

"ஒண்ணும் பண்ணப்போறதில்ல. பெருசா ஒரு சொல்லு வாயில வந்தா நல்லா இருக்கு, அவ்வளவுதான். நீங்களும் ஒண்ணு சொல்லிப் பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவரும் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதற்கு அவள் வைத்த சட்டங்கள் வேறு. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் செல்லாது. பொய் வாக்கியமும் செல்லாது.

"பொய்யில போட்ட சொல்லு மனசுல நிக்காதுங்க. கை கழுவும்போதே போயிடும்" என்பாள்.

ஒருமுறை அவர் அவள் மனசைக் குளிர வைக்கலாம் என்று, "யுவர் பிரதர் இஸ் மேக்னானிமஸ்" என்றார். உன் அண்ணன் தாராள மனசுக்காரர் என்று அர்த்தம். அவள் சிரிக்கவில்லை. வலமும் இடமுமாக மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன் எங்க அண்ணன். செல்லாது. வேற சொல்லுங்க."

அவர் வேறு சொல் தேடி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போனது. வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது. மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, அந்தச் சாப்பாட்டு நேரம்தான் வீட்டில் கலகலப்பு.

அப்படிப்பட்டவளுக்குச் சொல் நழுவ ஆரம்பித்தது. பெரிய சொல் இல்லை, சின்னச் சொல். டம்ளர் என்று சொல்ல வந்து, "அது… அது" என்று கையைக் காட்டினாள். ஓட்டலில் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்தபோது மூளையில் கட்டி. அறுவை சிகிச்சை ஆனது. பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. கேட்பது மட்டும் புரிந்தது. ஆம், இல்லை என்று தலையசைத்தாள். இத்தனை சொல் சேர்த்து வைத்தவளுக்கு மிஞ்சியது அந்த இரண்டு அசைவு. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கட்டி மறுபடி வளர்கிறது, இனிமேல் கத்தி வைக்க முடியாது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் அவர் மகளிடம் போனில் சொன்னார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா. தாங்க மாட்டாங்க" என்று அழுதாள்.

சொல்கிற எண்ணம் அவருக்கும் இல்லை. லிஃப்ட் வேலையில் அதுதான் முதல் பாடம். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு உண்மையைச் சொல்லக் கூடாது. மோட்டாரே கருகிப்போயிருந்தாலும், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "இதோ, ரெண்டே நிமிஷம்" என்று குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். வாழ்நாளெல்லாம் அப்படிக் குரல் கொடுத்த மனிதர், வீட்டிலும் கொடுத்தார்.

"இதோ, சரியாயிடும். கொஞ்ச நாள்தான்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாடு ஊட்டினால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒருநாள் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை நீட்டிக்கொண்டே, "மை நெய்பர் இஸ் கேர்லெஸ்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வாயாடி, அதாவது கேரலஸ், என்று சொல்ல நினைத்து, சொல்லை உடைத்துவிட்டார். அவள் கண் சட்டென்று அவர் பக்கம் திரும்பியது. உதடு ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. ஆம் என்று தலையசைத்து வாயைத் திறந்தாள். அன்றைக்குக் கிண்ணம் காலியானது.

அதன் பிறகு காலையில் மகளைக் கூப்பிட்டு ஒரு சொல் வாங்கிக்கொள்வார். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டபடியே உருப்போடுவார். மழையைப் பற்றி, முதலாளியைப் பற்றி, மாடிப்படியில் தூங்கும் பூனையைப் பற்றி வாக்கியம் போட்டார். அவளைப் பற்றி மட்டும் போடவில்லை.

ஒருநாள் மகள் கொடுத்த சொல் ரெகூப்பரேட். நோயிலிருந்து தேறி எழுவது. அதைக் கேட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, தோளில் துண்டைப் போட்டு, கரண்டியை எடுத்தார்.

"மை ஒய்ஃப் வில் ரெகூப்பரேட்."

அவள் அவரையே பார்த்தாள். வலமும் இடமுமாக மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

உச்சரிப்புதான் தப்பு என்று நினைத்து, நிறுத்தி நிறுத்தி இன்னொரு தடவை சொன்னார். அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். அண்ணனைத் தாராள மனசுக்காரர் என்றபோது ஆட்டிய அதே ஆட்டல்.

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வேறு சொல் தேடினார். இத்தனை நாள் உருப்போட்டதில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் வந்தது ஒன்றாம் வகுப்புச் சொல்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது.

சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். அவளுடைய சட்டப்படி செல்லாது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய இடது கை மெல்ல நகர்ந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

ஆம் என்று தலையசைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.