தம்புள்ளை வெயிலில் குளிர்ந்த ட்ரெயிலர்: பெட்டரி, ஈரச் சாக்கு, ஒரு சிங்களச் சொல்

போன சித்திரை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேரும் மாத்தளையிலிருந்து கண்டலமைக் குளக்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தோம். லொட்ஜில் அறை கேட்டால் முதலில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்ப்பார்கள், பிறகு இடமில்லை என்பார்கள். அதனால் வாகன மின்வேலை செய்யும் என் அப்பா, பழைய இரண்டு சக்கர ட்ரெயிலர் ஒன்றின்மேல் பலகையும் தகரமும் அடித்து, வேனின் பின்னால் இழுத்துப்போகச் சின்ன அறை ஒன்று கட்டினார். தம்பி டெனிஸுக்கு ஆறு வயது, தங்கை ஜெனிக்கு மூன்று. இந்த வயதுப் பிள்ளைகளோடு புறப்பட நினைப்பவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் மின்சாரம். பாவித்த லொறி பெட்டரி ஒன்று, 4,500 ரூபாய். வேன் ஓடும்போது தடித்த வயர் வழியாகச் சார்ஜ் ஆகும். நின்றதும் வயரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேனின் பெட்டரியும் சேர்ந்து இறங்கிவிடும். அதில் ஒரு பல்பும், கார்களில் வைக்கும் சின்ன விசிறி இரண்டும் ஓடின. ஏசி எல்லாம் கனவில்தான். ஜன்னலில் சாக்கு ஒன்று தொங்கும். வேன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குட்டிப் பம்பை அப்பா தண்ணீர்க் கேனில் பொருத்தியிருந்தார். பொத்தானை ஐந்து செக்கன் அழுத்தினால் சாக்கு நனையும். விசிறி வெளிக்காற்றை அதன் வழியாக உள்ளே இழுக்கும். எங்கள் பக்கத்து மலையூர் இரத்தோட்டையில் சோதித்தபோது கொஞ்சமும் குளிரவில்லை, அங்கே காற்றே ஈரம். வறண்ட வெயிலில்தான் இது வேலை செய்யும்.

காலை எட்டுக்குப் புறப்பட்டோம். கண்டலமைக்குப் பக்கத்து ஊரான தம்புள்ளை 45 கிலோமீட்டர். ஓடும்போது பிள்ளைகளை ட்ரெயிலரில் ஏற்றக்கூடாது. வேனுக்குள் ஜெனி வேர்க்குரு தாங்காமல் கத்திக்கொண்டே வந்தாள். தம்புள்ளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மரநிழலில் நிறுத்தி, அவளை ட்ரெயிலரில் படுக்கவைத்தோம். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அப்பா தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனார்.

சற்றுத் தள்ளியிருந்த சோதனைச்சாவடியிலிருந்து இரண்டு இராணுவத்தினர் நடந்து வந்தார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், சிங்களம் அவ்வளவாக வராது. எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்திலிருந்து ஒரு வருடமாகச் சிங்களம் படிக்கிறேன்.

"வேணாம் புள்ள, அப்பா வரட்டும்" என்றார் அம்மா.

ஒருவர் பெட்டரியிலிருந்து போன வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கேனைத் தொட்டார். "நங்கி, மே மொகக்த?" தங்கச்சி, இது என்ன?

நான் முந்திக்கொண்டு, தெளிவாக, நீட்டிச் சொன்னேன்: "பொம்பய."

பம்புக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். ஆனால் பாம்பு, அம்பு என்று சொல்லிப் பழகிய வாய், 'ம்'முக்குப் பின்னால் வருகிற 'ப'வைத் தானாகவே மென்மையாக்கிவிடும். முதல் எழுத்தையும் அப்படியே மென்மையாக்கி, 'ஒ'வையும் நீட்டினால் அது பம்ப் அல்ல, குண்டு. வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

துப்பாக்கி உயர்ந்தது. அம்மா உள்ளே பாய்ந்து ஜெனியைத் தூக்கினார். அப்பா தண்ணீர்ப் போத்தல்களைப் போட்டுவிட்டுக் கைகளை உயர்த்தியபடி ஓடிவந்தார். அவரை முழந்தாளிட வைத்தார்கள். அவரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றே நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் அவரே வெளியில் எடுத்துப்போட வேண்டியிருந்தது. பாய், சட்டி, எங்கள் உள்ளாடைகள் எல்லாம் வீதியோரத்தில். பஸ்கள் மெதுவாகிப் பார்த்துப் போயின. கடைசியில் அப்பா பொத்தானை அழுத்தினார். சாக்கில் தண்ணீர் சொட்டியது.

இராணுவத்தினர் இருவரில் பெரியவர் சிரித்துவிட்டார். "மகளுக்குச் சிங்களம் படிச்சுக் குடு, இல்லாட்டி ஒரு நாள் ஒன்னைய மேல அனுப்பிருவா!" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அப்பாவும் சிரித்தார். தலையை ஆட்டி ஆட்டி, வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டிராத சிரிப்பு. அந்த நேரம் அப்பாவை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து இப்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது, "பயந்துட்டியா மகள்?" என்பது மட்டும்தான்.

கண்டலமையில் குளத்துக் காற்றே போதுமாக இருந்தது. போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது: வயரைக் கறுப்பு டேப்பில் சுற்றி மறைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியட்டும். கேட்கும் முன்பே கதவைத் திறந்து வையுங்கள். பம்ப் தேவையே இல்லை, சாக்கை நனைக்கக் கோப்பை போதும். திரும்பும் நாள் காலையில் அப்பாவும் பம்பைக் கழற்றி வேன் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "சும்மா கனம்" என்றார். அது டின்பால் டின் ஒன்றின் கனம்கூட இல்லை.

அதே சாவடியில், அன்று கேனைத் தொட்ட அதே ஆள் குனிந்து பார்த்தார். "நங்கி, கோ பொம்பய?" எங்கே அது என்று கேட்கிறார். இரண்டில் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. அப்பா சிரித்தார். நானும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன்.